ரங்கூன் விழுந்தது, நெல்லுக்குக் காவல் வந்தது

1942 மார்ச் 8-ஆம் தேதி ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. திருநெல்வேலிச் சீமையில் அது பிசான அறுவடைக் காலம். தாமிரபரணியோடு சிற்றாறு வந்து சேரும் சீவலப்பேரியில் ஒரு சம்சாரிக்கு ரங்கூன் யார் கையில் இருந்தால் என்ன? அவன் சாப்பிட்ட சோறு அவன் வயலில் விளைந்தது. கார், பிசானம் என்று இரண்டு போகம். ஆற்றில் தண்ணீர் வரும் வரைக்கும் அவனுக்கு அரிசிப் பஞ்சம் என்பது அடுத்த சீமைக்காரன் சொல்லும் கதை.

ஆனால் ரங்கூன் விழுந்த கொஞ்ச காலத்திலேயே சர்க்கார் ஆள் வீட்டு வாசலுக்கு வந்தார். வந்தவர் கேட்டது கிஸ்தி அல்ல. குலுக்கையில் எத்தனை கோட்டை நெல் இருக்கிறது, வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள், விதைக்கு எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். கட்டபொம்மனிடமும் மற்றப் பாளையக்காரர்களிடமும் கும்பினி கேட்டது கிஸ்திப் பணம். அதற்குப் பின் நூற்றைம்பது ஆண்டு ஆண்ட வெள்ளைக்காரச் சர்க்காரும் வரியை வாங்கிக்கொண்டு, நெல்லை என்ன செய்கிறாய் என்று கேட்காமல்தான் இருந்தது. அடுக்களை வரை வந்து அரிசியை எண்ணியது இரண்டாம் உலகப் போர்தான். தாமிரபரணிக் கரையில் அந்தப் போர் விட்டுச்சென்ற தடங்களில் இன்றுவரை அழியாதது அதுவே.

சீவலப்பேரி என்றால் இப்போது பலருக்குச் சுடலைமாடன் கோயில் ஞாபகம் வரும். சினிமா பார்த்தவர்களுக்கு ‘சீவலப்பேரி பாண்டி’. தமிழ் படித்தவர்களுக்கு அது முக்கூடல். முக்கூடற்பள்ளு பாடும் ஊர் இதுதான். அந்தப் பள்ளில் வரும் மூத்த பள்ளி முக்கூடல்காரி, இளையவள் மருதூர்க்காரி. ஆற்றில் சற்றுக் கீழே போனால் அந்த மருதூரின் அணைக்கட்டு. நெல்லின் வகைகளையும் மாட்டின் வகைகளையும் வரிசையாக அடுக்கிப் பாட ஒரு புலவனுக்குத் தோன்றியது என்றால், வயலின் செழிப்பு அப்படி. போர் இந்த ஊருக்குள் எப்படி வந்தது என்று பார்த்தால், வந்த வழியெல்லாம் நெல் வழிதான்.

குண்டு வழியாக வந்திருக்கவும் கூடும். 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9-ஆம் தேதி திருகோணமலை. தூத்துக்குடிக்கு எதிர்க்கரை கொழும்பு. அங்கே துறைமுகக் கூலிகள் உட்பட இந்தியத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலையை விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினார்கள். சென்னையிலோ, ஜப்பான்காரன் இறங்கப்போகிறான் என்று சர்க்காரே நம்பியது. நகரத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. கூண்டு உடைந்து ஊருக்குள் வந்துவிடக் கூடாது என்று மிருகக்காட்சி சாலையின் சிங்கத்தையும் புலியையும் சுட்டுக் கொன்றார்கள். பட்டணத்தில் குடியிருந்த குடும்பங்கள் சொந்த ஊர் தேடி ரயில் ஏறின. ஜப்பான் கப்பற்படை என்னவோ திரும்பிப் போய்விட்டது. நெல்லைச் சீமையில் குண்டு விழவே இல்லை. கயத்தாற்றுப் பொட்டலில் போட்ட விமான ஓடுதளம் ஒன்றுதான் கண்ணால் பார்க்கக்கூடிய போர் அடையாளமாக இந்தப் பக்கத்தில் நின்றது.

அரிசிக் கணக்கு வேறு விதம். பிரிட்டிஷ் இந்தியா தனக்கு வேண்டிய அரிசியைத் தானே விளைவித்துக்கொள்ளவில்லை. ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் டன் பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதை வாங்கிச் சாப்பிட்டதில் சென்னை மாகாணமும் கேரளக் கரையும் இலங்கையும் முன்வரிசை. அந்த அரிசியின் பின்னாலும் தமிழர்கள்தான் இருந்தார்கள் என்பது வேறு கதை. பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம், 1930-களின் கடைசியில், கடனுக்கு ஈடாகச் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. அறுவடைக்கும் அரிசி ஆலைக்கும் கப்பலேறிப் போன கூலிகளில் தமிழரும் தெலுங்கரும் ஏராளம். ரங்கூன் விழுந்ததும் கப்பல் நின்றது. மாகாணத்தில் அரிசி பற்றாத மாவட்டங்கள் எல்லாம் அரிசி மிஞ்சுகிற மாவட்டங்களைத் திரும்பிப் பார்த்தன. தஞ்சாவூர் ஒன்று. தாமிரபரணிக் கரை இன்னொன்று.

மலைக்கு மேற்கே இன்னும் மோசம். திருவிதாங்கூர் சமஸ்தானம் தென்னை, மிளகு, ரப்பர், தேயிலை என்று பணப்பயிர் போட்டுப் பழகி, சோற்றுக்குப் பர்மாவை நம்பியிருந்தது. கப்பல் நின்றதும் மரவள்ளிக்கிழங்குதான் கதி என்றாயிற்று. பசி தாங்காமல் மலபார்க் காட்டுக்கு நிலம் தேடி மூட்டை முடிச்சோடு கிளம்பிய குடும்பங்களின் கதையை, இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்த கே.ஜி. சிவசாமி அப்போதே நேரில் ஆராய்ந்து எழுதினார். 1943-ல் வங்காளத்தில் செத்தவர்கள் பல லட்சம். அரசு விசாரணைக் குழு 15 லட்சம் என்றது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் 30 லட்சம் வரை போகிறார்கள். அந்தப் பஞ்சம் உலகத்துக்குத் தெரியும். திருவிதாங்கூரின் பட்டினி நெல்லைக்காரனுக்கு மட்டும் பக்கத்து வீட்டுச் செய்தி.

கொள்முதல் திட்டம் 1943-க்குப் பிறகு படிப்படியாக இறுகியது. கிராம முன்சீபும் கர்ணமும் எந்தச் சர்வே நம்பரில் யார் பயிர், எத்தனை மரக்கால் விதைப்பாடு, எவ்வளவு விளைந்தது என்று கணக்கு எழுத வேண்டும். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் அதைச் சரிபார்ப்பார். குடும்பத்துச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் வேலையாள் கூலிக்கும் இவ்வளவு என்று ஒதுக்கிவிட்டு, மிச்ச நெல்லைச் சர்க்கார் வைத்த விலைக்குச் சர்க்கார் நியமித்த வியாபாரியிடம் அளக்க வேண்டும். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு வண்டியில் நெல் ஏற்றப் பர்மிட் வேண்டும். மாவட்டம் தாண்டினால் குற்றம். மகள் வீட்டுச் சீருக்கு ஒரு கோட்டை நெல் அனுப்பவும் கச்சேரிக்கு நடையாய் நடக்க வேண்டியிருந்தது.

ஒரு கோட்டைக்கு 21 மரக்கால் என்பது இந்தச் சீமைக் கணக்கு. அந்தக் கணக்கு ஊருக்குள் இருந்தவரை யாருக்கும் சிக்கல் இல்லை. களத்தில் அளக்கும்போது ஒன்றுக்கு ‘லாபம்’ என்று தொடங்கி, குரலை இழுத்து இழுத்து எண்ணிக்கொண்டே போவார்கள். போகிற போக்கில் வண்ணானுக்கும் நாவிதனுக்கும் கொல்லனுக்கும் கோயிலுக்கும் ஆளுக்கொரு பங்கு தனியே விழும். சர்க்கார் தாளில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. குடும்ப உறுப்பினர் எத்தனை, விதை எவ்வளவு, உபரி எவ்வளவு, அவ்வளவுதான். களத்தில் பத்துப் பதினைந்து பேருக்குச் சுதந்திரமாகப் போய்க்கொண்டிருந்த நெல், தாளில் ‘உபரி’ ஆயிற்று. ஊர்க்காரர்கள் சர்க்காரை ஏமாற்றினார்கள் என்று அதிகாரிகள் எழுதிவைத்ததில் ஒரு பங்கு பதுக்கல்; ஒரு பங்கு இந்தக் கணக்கு வித்தியாசம் என்றுதான் தோன்றுகிறது.

பதுக்கலும் சும்மா நடக்கவில்லை. வைக்கோல் படப்புக்கு நடுவே, மச்சின்மேல், குலுக்கைக்குப் பின்னால் எழுப்பிய பொய்ச்சுவருக்குள் என்று நெல் மறைந்தது. கொள்முதல் விலைக்கும் கள்ளச்சந்தை விலைக்கும் நடுவே இருந்த பள்ளம் அவ்வளவு பெரியது. பெரிய மிராசுதாருக்குத் தாசில்தாரைத் தெரியும், லாரிக்காரனைத் தெரியும். மாட்டிக்கொண்டதெல்லாம் அநேகமாகத் தலைச்சுமைக்காரர்கள். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர்ச் சீமை. தென்காசியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் வேறு ராஜ்யம். ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கொல்லத்துக்கு 1904-லேயே ரயில் போட்டாயிற்று. தெற்கே ஆரல்வாய்மொழி வழி. இந்த இரண்டு கணவாய்களும் காலங்காலமாக நெல்லும் மிளகும் கருப்பட்டியும் தேங்காயும் போய் வந்த பாதைகள். நேற்றுவரை வியாபாரம் என்று இருந்தது இன்று கடத்தல் ஆயிற்று. இந்தப் பக்கம் விலை ஒன்று, மலைக்கு அந்தப் பக்கம் பல மடங்கு. சேலை மடிப்பில் நாலு படி அரிசியைக் கட்டிக்கொண்டு ரயிலேறிய பெண்களும், காட்டுவழியே மூட்டை சுமந்து நடந்தவர்களும் இந்த விலை வித்தியாசத்தில்தான் பிழைத்தார்கள்.

நகரங்களுக்கு ரேஷன் வந்தது. 1943-ல் கிரிகரி தலைமையிலான உணவு தானியக் கொள்கைக் குழு பெரிய நகரங்களில் பங்கீடு வேண்டும் என்று பரிந்துரைத்தது. சென்னையில் அந்த ஆண்டே தொடங்கி மற்ற ஊர்களுக்குப் பரவியது. அரிசி, சீனி, மண்ணெண்ணெய், துணி எல்லாவற்றுக்கும் கார்டு. விருந்துகளில் இத்தனை பேருக்கு மேல் சோறு போடக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக் கல்யாணத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் கொடுமை புரியும். சொந்தக்காரர் ஒருவரைக் கூப்பிடாமல் விட்டால் மூன்று தலைமுறைக்குப் பகை வைக்கிற ஊர் இது. பெரியவர்கள் அந்த வருஷங்களைக் ‘கண்ட்ரோல் காலம்’ என்றுதான் சொல்வார்கள். போர்க்காலம் என்று சொல்லிக் கேட்பது அபூர்வம்.

காசும் மாறியது. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியாக இருந்த ரூபாய் நாணயம் 1940-ல் பாதி வெள்ளியாக இறங்கியது. ஒரு ரூபாய் நோட்டு வந்தது. 1943-ல் இரண்டு ரூபாய் நோட்டும், செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் துளை போட்ட காலணாவும் வந்தன. ஓட்டைக் காலணா என்று அதற்குப் பெயர். கயிற்றில் கோத்துக்கொள்ள வசதி. மற்றபடி அதன் மதிப்பு மாதத்துக்கு மாதம் கரைந்தது. பழைய விக்டோரியா ரூபாயை வெள்ளிக்காகப் பெட்டியில் பூட்டிவைத்தவர்கள் புத்திசாலிகள்.

இது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். போர்ச் செலவில் பிரிட்டன் தரவேண்டிய பங்கை லண்டனில் இந்தியாவின் பெயரில் வரவு வைத்தார்கள். அந்த வரவைக் காட்டி இங்கே ரிசர்வ் வங்கி நோட்டு அடித்தது. நோட்டைக் கொண்டு ராணுவம் இங்கே நெல்லும் துணியும் தோலும் மரமும் வாங்கியது. புழக்கத்தில் இருந்த பணம் ஆறு ஆண்டில் ஆறு மடங்குக்கு மேல் பெருகியது; சாமான் பெருகவில்லை. மொத்த விலைகள் 1939-ஐப் பார்க்க இரண்டரை மடங்கு ஆயின. போர் முடிந்தபோது பிரிட்டன் இந்தியாவுக்குத் தரவேண்டிய பாக்கி சுமார் 130 கோடி பவுண்டு. ஆளுகிறவன் கடன்காரன், ஆளப்படுகிறவன் கடன் கொடுத்தவன் என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கடனைக் கொடுத்தது டெல்லி அல்ல, வேட்டிக்கு வரிசையில் நின்றவன்.

விலை ஏற்றம் எல்லோரையும் ஒரே மாதிரி அடிக்கவில்லை. ஆற்றுப்பாசன ஊரில் நெல்லாகக் கூலி வாங்கிய அறுப்புக்காரருக்கு, கூலி குறைவுதான் என்றாலும், பானையில் போட ஏதோ இருந்தது. நெல் விலை ஏறியதால் பழைய கடனை அடைத்து நிலம் சேர்த்த விவசாயிகளும் உண்டு; கிஸ்தித் தொகை பழையபடியே இருக்க, அதைக் கட்ட முன்பைவிடக் குறைந்த நெல் விற்றால் போதும். காசாகக் கூலி வாங்கியவர்கள்தான் நொறுங்கினார்கள். அதில் முதலாவது தறிக்காரர்கள். மேலப்பாளையம், வீரவநல்லூர், கடையநல்லூர், புளியங்குடி எல்லாம் தறிச்சத்தத்தில் விடிகிற ஊர்கள். ஆலைகள் ராணுவத்துக்கு ஓடின, நூல் கிடைக்கவில்லை. 1943-ல் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. நூல் ஒதுக்கீடு கூட்டுறவுச் சங்கம் வழியாகக் கிடைக்கும் என்பதால், அதுவரை சங்கத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்காத நெசவாளர்களும் போய்ச் சேர்ந்தார்கள். சென்னை மாகாணத்தில் நெசவாளர் கூட்டுறவு பெருகியதற்கு இலட்சியம் எவ்வளவு காரணமோ, நூல் பஞ்சமும் அவ்வளவு காரணம்.

ஆற்றின் மேல்பக்கம், விக்கிரமசிங்கபுரத்தில், ஹார்வி ஆலை இருந்தது. பாபநாசத்துத் தண்ணீர் வேகத்தை நம்பி 1880-களில் அமைத்த ஆலை அது. உடுக்கத் துணி இல்லாமல் ஜனங்கள் திண்டாடிய அதே ஆண்டுகளில் நாடெங்கும் பஞ்சாலைகளுக்கு வேலைக்குக் குறைவே இல்லை, லாபத்துக்கும் குறைவில்லை.

சிற்றாற்றுப் பக்கத்துக் கதை வேறு. கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் குடும்பங்களுக்குச் சிங்கப்பூர் என்பது தூர தேசம் அல்ல. அங்கே ஒரு பாதி, இங்கே ஒரு பாதி. மாதாமாதம் மணியார்டர் வரும், கடிதம் வரும். 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானிடம் சரணடைந்தது. அன்றோடு மணியார்டர் நின்றது, கடிதம் நின்றது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வரும் வரைக்கும் மூன்றரை வருஷம். போனவன் இருக்கிறானா, சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டானா, நேதாஜி படையில் சேர்ந்துவிட்டானா, ஒன்றும் தெரியாது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சயாம்–பர்மா ரயில் பாதையில் செத்த ஆசியத் தொழிலாளர்களில் மலாயா ரப்பர்த் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரம் பேர். வெள்ளைக்காரக் கைதிகளுக்கு அங்கே வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன, பெயர் வெட்டியிருக்கிறார்கள். தமிழனுக்கு வெகுகாலம் அப்படி ஒரு கல் கிடைக்கவில்லை. போரைப் பற்றித் தமிழில் எழுதிய ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’கூட 1972-ல்தான் புத்தகமாக வந்தது, அதுவும் வெகுகாலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் தனி. சுமார் 5 லட்சம் இந்தியர்கள் கிளம்பினார்கள். கப்பல் வசதி காசு இருந்தவனுக்கு. மற்றவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் மலை ஏறி நடந்தார்கள். காலராவிலும் மலேரியாவிலும் வழியிலேயே போனவர்கள் ஆயிரக்கணக்கில். மலேரியாவுக்கு மருந்தும் அப்போது தட்டுப்பாடு. உலகத்துக் கொயினாவில் பெரும்பகுதி ஜாவாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஜாவாவும் அதே 1942 மார்ச்சில் விழுந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து ஊர்களுக்கு அது என்ன பாடு என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் காலத்துப் பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்ரோல் ராணுவத்துக்குப் போயிற்று. பஸ்கள் கரியில் ஓடின. பஸ்ஸின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உலை. அதில் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைத்து, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்று ஊதி, புகை வாயு எஞ்சினுக்குப் போகிற பதம் வரும்வரை பயணிகள் காத்திருக்க வேண்டும். மதுரை டி.வி.எஸ். நிறுவனம் இந்தக் கரிவாயுக் கருவியைத் தானே செய்து விற்றது. பெட்ரோலின் பலம் அதில் இல்லை. மேட்டில் வண்டி திணறினால் ஜனங்கள் இறங்கி நடப்பார்கள், தேவைப்பட்டால் தள்ளுவார்கள். சீக்கிரம் போகிற ஆசை இருந்தவன் மாட்டு வண்டி கட்டினான். ரயிலிலும் அவசியமானால் ஒழியப் பயணம் செய்யாதீர் என்று விளம்பரம் போட்டார்கள். வடக்கே மொரப்பூர்–ஓசூர் ரயில் பாதையைத் தண்டவாளத்தோடு பெயர்த்துக்கொண்டே போய்விட்டார்கள். திருச்செந்தூர் பாதை தப்பியது.

செய்திக்கு மட்டும் பஞ்சம் இல்லை. சென்னையில் 1938-லும் திருச்சியில் 1939-லும் வானொலி நிலையம் வந்திருந்தது. ஜெர்மானியன் எங்கே, ஜப்பான்காரன் எங்கே என்று டீக்கடையில் தினம் பட்டிமன்றம். சிங்கப்பூரில் வழக்கறிஞராக இருந்து திரும்பிய காயாமொழி சி.பா. ஆதித்தனார் 1942 நவம்பர் 1-ஆம் தேதி மதுரையில் ‘தந்தி’யைத் தொடங்கினார். காகிதம் கிடைக்காமல் வைக்கோல் கூழில் கையால் காகிதம் செய்து அச்சடித்ததாக அந்தப் பத்திரிகையின் ஆரம்பக் கதையில் சொல்வார்கள். திருநெல்வேலிக்காரரான புதுமைப்பித்தன் ஹிட்லர், முசோலினி இருவரைப் பற்றியும் தமிழில் புத்தகம் எழுதினார். சினிமாவுக்குக் கச்சா ஃபிலிம் தட்டுப்பாடு. ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று உத்தரவு. மூன்றரை மணி நேரம் பாட்டாகவே ஓடிக்கொண்டிருந்த தமிழ்ப் படம் சுருங்கியதற்கு ரசனை வளர்ச்சியைக் காரணம் சொல்லிப் பயனில்லை. போரை ஆதரித்துப் படம் எடுத்தால் ஃபிலிம் சுலபமாகக் கிடைக்கும் என்ற நிலையில் ‘மானசம்ரட்சணம்’, ‘பர்மா ராணி’, ‘கண்ணம்மா என் காதலி’ எல்லாம் 1945-ல் வந்தன.

இத்தனைக்கும் இந்தப் போரில் சேரலாமா என்று இந்தியாவை யாரும் கேட்கவில்லை. 1939 செப்டம்பர் 3-ஆம் தேதி வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தார், முடிந்தது. அக்டோபர் கடைசியில் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா செய்தது. போருக்கு ஆளோ பணமோ கொடுப்பது தவறு என்று தெருவில் கோஷம் போட்டு 1940-லும் 41-லும் தனிநபர் சத்தியாக்கிரகிகள் சிறைக்குப் போனார்கள். அதே சமயத்தில் கலெக்டர் முதல் கிராம முன்சீப் வரை யுத்த நிதி வசூலித்தார்கள். சென்னை மாகாணம் கொடுத்த பணத்துக்கு நன்றியாக பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264-ஆம் பிரிவுகளுக்கு ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்று பெயர் சூட்டினார்கள். சென்னைக்காரன் போருக்கு லாயக்கில்லாத ஜாதி என்று கலைத்துப் போட்ட மதராஸ் ரெஜிமென்ட்டை, ஆள் தேவைப்பட்டதும், 1942-ல் மறுபடி கூட்டினார்கள். 2 லட்சமாக இருந்த இந்தியப் படை 25 லட்சமாகப் பெருகியது. மானாவாரிக் கரிசல் பக்கத்துப் பையன்களுக்கு அது மூன்று வேளைச் சோறும் மாதச் சம்பளமும். தேசபக்தி எந்தப் பக்கம் என்று கேட்டு யாரும் வரிசையில் நிற்கவில்லை.

1942 ஆகஸ்டில் பிறந்த ‘வெள்ளையனே வெளியேறு’ இந்தச் சீமையில் கடலோரத்தில் வெடித்தது. செப்டம்பர் 20-ஆம் தேதி குலசேகரப்பட்டினம் உப்பளத்துக்குள் ஆயுதம் பறிக்கப் புகுந்த கூட்டத்தோடு நடந்த மோதலில் உப்பு இலாகா அதிகாரி லோன் துரை வெட்டுப்பட்டுச் செத்தார். காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்குத் தண்டனை விதித்தார்கள். அது பின்னால் ஆயுள் தண்டனையாகக் குறைந்து இருவரும் உயிர் தப்பினார்கள். அந்த ஊர்களில் போலீஸ் புகுந்து ஆடிய ஆட்டம் பல வீடுகளில் இன்னும் பேச்சு.

முதல் உலகப் போர் இப்படி அடிமடியில் கைவைக்கவில்லை. விலை ஏறியது, கடைசியில் 1918-ன் விஷக்காய்ச்சல் வந்து வாரிக்கொண்டு போனது. போர் நிறுத்தம் ஆகி ஒன்பதாம் நாள் புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதி கடலூரில் கைதாகி, விடுதலைக்குப் பின் மனைவியின் ஊரான கடையத்துக்கு வந்தார் என்பது இந்தச் சீமைக்கு அந்தப் போர் கொடுத்த ஒரே வரவு.

இரண்டாம் போர் கொடுத்த வரவு என்று ஒன்றைச் சொல்வதானால் பாபநாசம். மேலணையும் மின்நிலையமும் போருக்கு முன்பே திட்டமிட்டவை. போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1944-ல், மின்சாரம் வந்தது. பைக்காரா, மேட்டூருக்கு அடுத்து மாகாணத்தின் மூன்றாவது பெரிய நீர்மின் நிலையம். ஆலைகளுக்காகத்தான் முதல் யோசனை. ஆனால் தேக்கிய தண்ணீர் கீழே மருதூர், ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளுக்கும் போனது. 143 அடி என்ற அந்த அணையின் கணக்கை இன்றும் நெல்லைக்காரர்கள் காலையில் பேப்பரில் முதலில் தேடுகிறார்கள். அதே மலையில் சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-ல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த காட்டில் பம்பாய்–பர்மா வர்த்தக நிறுவனம் தேயிலை போட்டிருந்தது. பர்மாவில் அந்தக் கம்பெனியின் தேக்கங்காடும் யானைகளும் போரில் போயின. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் மிஞ்சியது.

ஜப்பான் 1945 ஆகஸ்டில் சரணடைந்தது. கண்ட்ரோல் சரணடையவில்லை. சொல்லப்போனால் போருக்குப் பிறகுதான் நிலைமை முற்றியது. 1946-ல் நாடு முழுக்க ரேஷன் அளவை ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 அவுன்சாகக் குறைத்தார்கள். மழையும் பொய்த்தது. காந்தியின் வற்புறுத்தலில் 1947 டிசம்பரில் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள், விலை எகிறியதும் 1948-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். வெள்ளைக்காரன் போன பின்னும் அதே ரெவின்யூ இன்ஸ்பெக்டர் அதே தாளோடு அதே குலுக்கையை எட்டிப் பார்த்தார். 1952 ஜூனில் முதல்வர் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை ஒரேயடியாக எடுத்தார். ரங்கூன் விழுந்து பத்து வருஷம் ஆகியிருந்தது.

அதோடும் முடியவில்லை. 1960-களின் நடுவில் அரிசிப் பஞ்சம் திரும்ப வந்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சு காங்கிரஸைக் கவிழ்த்ததில் பெரும்பங்கு வகித்தது. 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. 2011-லிருந்து ரேஷன் அரிசி இலவசம். இப்போது பிசான அறுவடை ஆனதும் ஆற்றுக்கரை ஊர்களில் நேரடி நெல் கொள்முதல் நிலையம் திறக்கச் சொல்லி விவசாயிகள் மனுக் கொடுக்கிறார்கள். சர்க்கார் வந்து நெல்லை எடுக்காவிட்டால் போராட்டம். கொள்முதல்காரன் வருகிறான் என்று படப்புக்குள் ஒளித்தவர்களின் பேரன்கள் இவர்கள். செங்கோட்டையைத் தாண்டிப் புளியரை சோதனைச் சாவடியில், கேரளத்துக்குப் போகிற லாரிகளிலும் வேன்களிலும் காய்கறிக் கூடைக்கு அடியில் ரேஷன் அரிசி மூட்டை பிடிபட்டது என்ற செய்தி மாவட்டப் பதிப்பில் அடிக்கடி வருகிறது.